கூடிக் கலைவதா? கூடிச் செய்வதா?



நம் ஊர்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். அடித்தளம் போட்டு, தூண்கள் எழுப்பி, பாதியில் நின்றுபோன ஒரு கட்டடம். தூண்களின் தலையில் துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் கருவேல முட்கள் மண்டியிருக்கும். ‘இது என்ன?’ என்று கேட்டால், ‘நூலகம் கட்டுவதாக இருந்தார்கள்’ என்றோ, ‘பெண்களுக்குத் தையற் பயிற்சிக்கூடம் என்று தொடங்கினார்கள்’ என்றோ பதில் வரும். பணம் இல்லாமல்தான் நின்றதா என்றால், எப்போதும் அப்படி இல்லை. கருத்து வேறுபாடா என்றால், அதுவும் இல்லை. எல்லாரும் ஒருமனதாகச் சம்மதித்துத் தொடங்கிய வேலைதான். பிறகு ஏன் நின்றது?

அதன் முதல் ஆலோசனைக் கூட்டத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். இஷா தொழுகைக்குப் பின் ஐம்பது பேர் கூடியிருப்பார்கள். தேநீர் வந்திருக்கும். உணர்ச்சிமிக்க உரைகள் நிகழ்ந்திருக்கும். ‘நாம் எல்லாரும் சேர்ந்து இதை முடித்துக் காட்ட வேண்டும்’ என்று தலைவர் கூற, அனைவரும் தலையசைத்திருப்பார்கள். பதினொரு மணிக்கு மனநிறைவோடு கலைந்திருப்பார்கள். ஆனால் மறுநாள் காலையில் கொத்தனாரைப் பார்க்கப் போக வேண்டியவர் யார்? அது மட்டும் எவருக்கும் தெரிந்திராது. ‘எல்லாரும் சேர்ந்து’ என்ற சொல்லுக்குள் ‘யாரோ ஒருவர் செய்வார்’ என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. அந்த யாரோ ஒருவர் வருவதே இல்லை.

இதை அற்பமான குறை என்று தள்ளிவிடலாகாது. அந்தக் கட்டடத்தில் புதைந்து கிடப்பது வளைகுடா வெயிலில் உழைத்தவர் அனுப்பிய காசு. பீடி சுற்றிய தாயொருத்தி உண்டியலில் இட்ட பத்து ரூபாய். அது அமானிதம். ஒருமுறை பாதியில் நின்றுவிட்டால், அடுத்த முறை நல்ல நோக்கத்தோடு எவர் வந்து கேட்டாலும் மக்கள் கை நீட்டத் தயங்குவார்கள். கம்பி துருப்பிடிப்பதைவிட, நம்பிக்கை துருப்பிடிப்பதே பெரிய இழப்பு.

ஆகவே, ஒரு குழு கூடி ஒரு பணியைத் திட்டமிடுவது எப்படி என்பதை இங்கே சற்று விரிவாகக் காண்போம். விளக்கத்திற்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு மஹல்லாவில், மத்ரஸா கட்டடத்தின் மாடியில் பள்ளி மாணவ மாணவியருக்காக ஒரு படிப்பகம் அமைக்க வேண்டும். ஜூன் முதல் தேதியில் அது திறக்கப்பட வேண்டும். இதுதான் பணி.

கூடுவதற்கு முன்

‘படிப்பகம் வேண்டுமா?’ என்று பேசுவது ஒரு கூட்டம். ‘படிப்பகத்தை எப்படி அமைப்பது?’ என்று பேசுவது வேறொரு கூட்டம். இவ்விரண்டையும் ஒரே இரவில் கலந்துவிடுவதால்தான் பேச்சு முடிவின்றி நீள்கிறது. முதற்கூட்டத்தில் ஊரே கூடலாம். ஆனால் திட்டமிடும் கூட்டத்திற்கு ஏழெட்டுப் பேர் போதும். அவர்களை எப்படித் தேர்வது? வேலையைச் செய்யப் போகிறவர், அவ்வேலையின் நுட்பம் அறிந்தவர், பணத்திற்குப் பொறுப்பானவர், நாளை அதைப் பயன்படுத்தப் போகிறவர் ஆகியோர் வேண்டும். இவர்களுள் கடைசியாகச் சொன்னவரைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். படிப்பகத்தைப் பற்றிப் பேச எட்டுப் பெரியவர்கள் கூடுவார்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியோ, அவளுடைய தாயோ அங்கே இருப்பதில்லை.

கூட்டத்திற்கு இரண்டு நாள் முன்னதாகவே ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதி அனைவருக்கும் கொடுத்துவிடுங்கள். எதை முடிவு செய்யக் கூடுகிறோம்? கையில் உள்ள தொகை எவ்வளவு? வருகிறவர் என்னென்ன விவரங்களோடு வர வேண்டும்? மரத்தச்சரிடம் விலை கேட்டு வர வேண்டியவர் கேட்காமலேயே வந்தால், அவர் பேசுவது ஊகமாகவே இருக்கும்.

நேரத்திற்கும் ஓர் எல்லை வேண்டும். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் இதற்கு மிகப் பொருத்தமானது. பாங்கு ஒலித்ததும் கூட்டம் தானாக முடிந்தாக வேண்டும். பெண்கள் பங்கேற்பதாயின், அவர்களுக்கு ஏற்ற நேரம் எது என்பதை அவர்களிடமே கேட்டறியுங்கள். அடுக்களையில் வேலை மிகுந்திருக்கும் நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு, ‘அழைத்தோம், அவர்கள் வரவில்லை’ என்று கூறுவது முறையன்று.

எதற்கு எவ்வளவு நேரம்?

சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றிய பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர், 1957ஆம் ஆண்டில் ‘பார்க்கின்சன் விதி’ என்ற நகைச்சுவை நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் ஒரு கற்பனைக் கூட்டத்தை வருணிக்கிறார். அணு உலை ஒன்று அமைக்கும் தீர்மானம் இரண்டரை நிமிடத்தில் நிறைவேறிவிடுகிறது. அடுத்து, ஊழியர்களின் மிதிவண்டிகளை நிறுத்துவதற்கு ஒரு கொட்டகை போடும் தீர்மானம் வருகிறது. அதன்மீது முக்கால் மணி நேரம் விவாதம் நடக்கிறது. காரணம் எளிது. அணு உலையைப் பற்றி எவருக்கும் தெரியாது. கொட்டகையைப் பற்றிப் பேச எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.

நம் கூட்டங்களை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது, கல்வெட்டில் யார் பெயர் முதலில் வருவது, சுவருக்கு என்ன நிறம் என்பவற்றில் ஒரு மணி நேரம் கரைந்துவிடும். மாதந்தோறும் மின்கட்டணத்தை யார் செலுத்துவது என்ற கேள்வி எழவே எழாது. இதற்குத் தீர்வு உண்டு. கடினமானதை முதலில் எடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இத்தனை நிமிடம் என்று தாளிலேயே குறித்துவிடுங்கள். இடையில் முளைக்கும் வேறு பேச்சுகளை ‘பிறகு பேச வேண்டியவை’ என்ற தலைப்பில் எழுதி வையுங்கள். எழுதப்பட்டதைக் கண்டால், பேசியவரும் அமைதியடைவார்.

எழுதிய பின் பேசுங்கள்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 627இல், மதீனாவை நோக்கிப் பெரும்படை திரண்டு வந்தபோது நபி (ஸல்) அவர்கள் தோழர்களோடு ஆலோசித்த வரலாறு நாம் அறிந்ததே. அகழி தோண்டலாம் என்ற யோசனையைக் கூறியவர் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள். அவர் அவ்வூரில் பிறந்தவரல்லர்; அங்கே அவருக்குக் குலமோ கோத்திரமோ இல்லை. அரேபியர் போர்முறையில் இல்லாத ஒன்றைப் பாரசீகத்திலிருந்து வந்த அவர் அறிந்திருந்தார். புதியவர் என்று அவருடைய குரல் புறக்கணிக்கப்படவில்லை.

அதன்பின் நடந்ததும் கவனிக்கத்தக்கது. நகரைச் சுற்றி முழுவதும் அகழி தோண்டவில்லை. எரிமலைப் பாறைகளும் பேரீச்சந்தோப்புகளும் காவலாக நின்ற திசைகளை விட்டுவிட்டு, திறந்து கிடந்த வடபுறத்தில் மட்டுமே தோண்டினார்கள். பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று அளந்து வேலை பிரிக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எவருடைய பங்கு எது என்பதில் ஐயமே எழவில்லை.

நம் கூட்டங்களில் முதலில் பேசுபவர் யார்? வயதில் மூத்தவர், அல்லது பெரும் நன்கொடை அளித்தவர். அவர் ஒரு கருத்தைச் சொன்ன பிறகு அதற்கு மாறாகப் பேச இளைஞனுக்கு நா எழுமா? மரியாதை காரணமாகவே உண்மை மறைந்துவிடுகிறது. ஆகவே, ஒரு முறையைக் கையாண்டு பாருங்கள். கேள்வியை முன்வைத்த பின், ஐந்து நிமிடம் எவரும் பேசாமல் தத்தம் தாளில் கருத்தை எழுதட்டும். பின்னர், அனைவரிலும் இளையவர் முதலில் படிக்கட்டும். தலைவர் கடைசியாகப் படிக்கட்டும். இதனால் பெரியவர்களின் மதிப்பு குறைவதில்லை. அனைவரையும் கேட்ட பின் சொல்லப்படும் சொல்லுக்கே கனம் அதிகம்.

வேலையைப் பிரித்து வரிசைப்படுத்துதல்

இப்போது நம் படிப்பகத்திற்கு வருவோம். ‘படிப்பகம் அமைத்தல்’ என்பது ஒரு வேலையன்று. பல வேலைகளின் தொகுப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டுச்சீட்டில் எழுதித் தரையில் பரப்புங்கள். எது முடிந்தால் எது தொடங்கும் என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். நம் எடுத்துக்காட்டில் அது பின்வருமாறு அமைகிறது.

மாடியின் ஒழுகும் கூரையைச் செப்பனிட 3 வாரம். அது முடிந்த பின் மின்கம்பி இணைப்புக்கு 1 வாரம். பிறகு வெள்ளையடிக்க 1 வாரம். இந்த ஐந்து வாரத்திற்குள் தச்சர் தம் பட்டறையில் அலமாரிகளைச் செய்து முடிப்பார். அவற்றைக் கொண்டுவந்து பொருத்த 1 வாரம். ஆக 6 வாரம்.

மறுபுறம், எந்தெந்த நூல்கள் வேண்டுமென்று பட்டியலிட 2 வாரம். விலை பேசி, வரவழைக்க 4 வாரம். வந்தவற்றுக்கு எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்ற 2 வாரம். ஆக 8 வாரம். இவ்விரண்டும் முடிந்த பின்னரே நூல்களை அலமாரியில் அடுக்க முடியும். அதற்கு 1 வாரம். மொத்தம் 9 வாரம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கூட்டத்தில் எல்லாருடைய கவலையும் கூரையைப் பற்றியதாகவே இருக்கும். ஆனால் கூரை வேலை இரண்டு வாரம் தாமதமானாலும் திறப்பு நாள் மாறாது. நூற்பட்டியல் ஒரு வாரம் தாமதமானால், திறப்பும் ஒரு வாரம் தள்ளிப்போகும். நம் கண்ணில் படாத வேலைதான் நம் நாளைத் தீர்மானிக்கிறது! மிக நீண்ட சங்கிலி எதுவோ, அதைக் கண்டுபிடித்துக் காவல் காக்க வேண்டும். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் வேதிப்பொருள் நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் சேர்ந்து, பெரிய ஆலைப் பணிகளுக்காகக் கணிப்பொறியின் துணையோடு உருவாக்கிய முறையின் சாரம் இதுவே. நமக்குக் கணிப்பொறி வேண்டாம், துண்டுச்சீட்டுகள் போதும்.

ஜூன் முதல் தேதியிலிருந்து 9 வாரம் பின்னோக்கிச் சென்றால் மார்ச் 30. எதிர்பாராத தடைகளுக்கென்று இரண்டு வாரம் ஒதுக்கினால் மார்ச் 16. ‘ஏப்ரலில் தொடங்கலாம்’ என்று எவரேனும் கூறினால், அவர் அறியாமலேயே திறப்பு நாளைத் தள்ளிவைக்கிறார் என்று பொருள்.

சங்கிலியைச் சுருக்க வழியுண்டா? ‘புதிதாக என்ன வாங்குவது?’ என்று கேட்பதற்கு முன், ‘ஏற்கெனவே என்ன இருக்கிறது?’ என்று கேளுங்கள். 1964ஆம் ஆண்டு டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, அதைச் சீராக்க ஆறு மாதம் என்று ரயில்வே குறித்தது. பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் பணியை முடித்தார். கடலில் மூழ்கிக் கிடந்த பழைய இரும்புத் தூலங்களையே மீட்டெடுத்துப் பயன்படுத்தியது அதற்குப் பெரிதும் உதவியது. நம் படிப்பகத்திற்கும் இது பொருந்தும். தேர்வு முடித்த மாணவர்களின் வீடுகளில் பாடநூல்களும் வழிகாட்டி நூல்களும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவற்றை வீடு வீடாகச் சென்று திரட்டிவிட்டால், வரவழைக்கக் காத்திருக்கும் நான்கு வாரத்தில் பாதி மிஞ்சும்.

எத்தனை நாளாகும்?

நாம் குறிக்கும் நாட்கணக்கு எந்த அளவுக்கு நம்பத்தக்கது? 2002ஆம் ஆண்டில் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்ற உளவியல் அறிஞர் டேனியல் கானெமன், தம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் குறிப்பிட்டுள்ளார். 1970களில் அவர் தலைமையில் ஒரு குழு பள்ளிகளுக்கான பாடநூல் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள், ‘இன்னும் எவ்வளவு காலமாகும்?’ என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதித் தரச் சொன்னார். ஒன்றரை ஆண்டு முதல் இரண்டரை ஆண்டு வரை என்று எழுதினார்கள். பின்னர், பாடத்திட்டத் துறையில் அனுபவமுள்ள ஓர் உறுப்பினரிடம், ‘இத்தகைய பிற குழுக்களுக்கு எவ்வளவு காலமாயிற்று?’ என்று கேட்டார். அவர் சற்றுத் திகைத்துவிட்டு, பத்தில் நான்கு குழுக்கள் முடிக்கவே இல்லை என்றும், முடித்தவற்றுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் பிடித்தன என்றும் கூறினார். அவரும் சற்றுமுன் இரண்டு ஆண்டு என்ற அளவிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்! அப்பாடநூல் முடிவதற்கு மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின.

ஆகவே, ‘நமக்கு எவ்வளவு நாளாகும்?’ என்று கேட்பதோடு நில்லாதீர்கள். ‘பக்கத்து ஊரில் இதே வேலைக்கு உண்மையில் எவ்வளவு நாளாயிற்று? எவ்வளவு செலவாயிற்று?’ என்று கேட்டு வாருங்கள். அவர்கள் பட்ட தாமதம் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் பாடம்.

தோற்றுவிட்டதாக எண்ணுங்கள்

திட்டம் ஓரளவு உருவான பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007இல் எழுதிய கட்டுரை ஒன்றில் விளக்கிய முறை இது. தலைவர் இப்படிக் கூற வேண்டும்: ‘ஓராண்டு கழிந்துவிட்டது. நம் படிப்பகம் பூட்டிக் கிடக்கிறது. ஏன் என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள்.’

‘இதில் குறை ஏதும் உண்டா?’ என்று கேட்டால் எவரும் வாய் திறக்கமாட்டார். குறை சொல்வது நல்ல காரியத்திற்குத் தடை போடுவதாகிவிடுமோ என்று அஞ்சுவார்கள். தோல்வி நேர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு காரணம் கேட்டால், அந்த அச்சம் அகன்றுவிடும். ஒருவர் எழுதுவார்: ‘நூலகரின் சம்பளத்திற்கு வழி செய்யவில்லை.’ இன்னொருவர் எழுதுவார்: ‘மாடியில் மின்விசிறி போதவில்லை, மே மாதத்தில் எவரும் உட்கார முடியவில்லை.’ அந்த மாணவியின் சீட்டில் இப்படி இருக்கும்: ‘ஆண்கள் நிற்கும் படிக்கட்டு வழியாகத்தான் ஏற வேண்டியிருந்தது. எங்களுக்கென்று நேரமோ கழிவறையோ இல்லை. அதனால் நாங்கள் வரவே இல்லை.’

அந்த ஒரு சீட்டுக்காகவே அக்கூட்டத்தைக் கூட்டியிருக்கலாம். வரைபடத்தில் ஒரு படிக்கட்டைச் சேர்ப்பது எளிது. கட்டி முடித்த பின் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு பெயர், ஒரு தேதி

இறுதியாக, இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறோம். பாங்கு ஒலிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே பேச்சை நிறுத்திவிடுங்கள். ஒரு பெரிய தாளில் மூன்று கட்டங்கள் வரையுங்கள். முதற்கட்டத்தில் வேலை, இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் தேதி.

பெயர் ஒன்றுதான் இருக்க வேண்டும். உதவிக்கு ஐந்து பேர் இருக்கலாம், பொறுப்பு ஒருவருக்கே. ‘இளைஞர் அணி’ என்பது ஒருவர் பெயரன்று. ‘செயலாளரும் பொருளாளரும்’ என்று எழுதினால், ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார். தேதியும் ‘விரைவில்’ என்றோ ‘பெருநாள் கழித்து’ என்றோ இருக்கலாகாது. ‘ஏப்ரல் 12’ என்று இருக்க வேண்டும். வேலையும் முடிந்ததா இல்லையா என்று கண்ணால் காணக்கூடியதாக இருக்க வேண்டும். ‘தச்சரைக் கவனித்துக்கொள்ளுதல்’ என்பதை எப்படி அளப்பது? ‘மூன்று தச்சர்களிடம் எழுத்தில் விலை பெற்று வருதல்’ என்றால் ஐயத்திற்கு இடமில்லை.

பெயரை அவர் இல்லாத நேரத்தில் எழுதிவிடாதீர்கள். ‘தம்பி, இது உன்னால் முடியுமா? இந்தத் தேதிக்குள் இயலுமா?’ என்று நேருக்கு நேர் கேளுங்கள். ‘முடியாது’ என்று கூறும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். சபையில் மறுக்க வெட்கப்பட்டு ஏற்றுக்கொண்டவர், பின்னர் நம் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போவார். ஒரு நல்ல தொண்டரை இழப்பதற்கு அதுவே வழி.

அந்தத் தாளை மூன்று படி எடுங்கள். ஒன்று அறிவிப்புப் பலகைக்கு, ஒன்று பதிவேட்டுக்கு, ஒன்று பணம் கொடுத்தவர்களின் பார்வைக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் கூடி, அத்தாளை மட்டுமே பாருங்கள். எது முடிந்தது? எது நின்றது? நின்றதற்கு என்ன உதவி வேண்டும்? ‘ஏன் செய்யவில்லை?’ என்று அதட்டுவதைவிட, ‘எங்கே தடைப்பட்டது?’ என்று கேட்பதே வேலையை நகர்த்தும்.

இம்முறை ஜமாஅத்துக்கு மட்டும் உரியதன்று. நம் இல்லங்களில் ஒரு நிக்காஹ் நிச்சயமானால், ஆறு மாத வேலைகளின் சுமையும் ஒரு தாயின் தலையில் இறங்கிவிடுகிறது. ஓர் அஸ்ருக்குப் பின் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, வேலை, பெயர், தேதி என்று மூன்று கட்டங்கள் வரைந்து பாருங்கள். மகனுக்கும் மருமகளுக்கும் வாப்பாவுக்கும் அவரவர் பங்கு எழுத்தில் வந்துவிட்டால், அந்தத் தாய் நிம்மதியாக ஓரிரவு உறங்குவார்.

அன்பர்களே! நல்ல எண்ணத்திற்கு நம்மிடையே பஞ்சமில்லை. கொடுக்கும் கைகளுக்கும் குறைவில்லை. அந்த எண்ணத்தை நாட்களாகவும் பெயர்களாகவும் மாற்றும் பழக்கம்தான் நம்மிடம் வளர வேண்டும். அடுத்த முறை உங்கள் ஊரில் ஓர் ஆலோசனைக் கூட்டம் முடியும் தறுவாயில், எழுந்து செல்லும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘நாளைக் காலையில் கொத்தனாரைப் பார்க்கப் போகிறவர் யார்?’

அதற்கு ஒருவர் ‘நான்’ என்று விடை கூறும்வரை, கூட்டம் முடியவில்லை என்று கொள்ளுங்கள். நம் ஊரில் இனி எந்தத் தூணும் துருவேறிய கம்பியோடு நில்லாதிருக்க, வல்ல இறைவன் அருள்புரிவானாக!